ஜெல் பாலிஷ்: முதலில் அகற்றப் பழகுங்கள்

கேள்வி: கும்பகோணத்தில் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்தி வருகிறேன். என்னிடம் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். அண்மையில் ஒரு விற்பனைப் பிரதிநிதி, விளக்கும் வண்ணங்களும் அடங்கிய ஜெல் பாலிஷ் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு மாதம் ஆனாலும் நிறம் அசையாது என்று உறுதி கூறினார். மாதிரிக்குக் கொடுத்ததை, வழக்கமான மேனிக்யூர் முடித்த கையோடு சில வாடிக்கையாளர்களுக்குப் பூசிப் பார்த்தோம். சிலருக்கு ஐந்தாம் நாளே ஓரத்தில் எழும்பிவிட்டது. பூசிய பெண்களில் ஒருத்திக்கு விரல் நுனியில் அரிப்பும், ஒரு கண்ணிமையில் வீக்கமும் இருக்கின்றன. தொகுப்பை வாங்கலாமா? என்ன கட்டணம் வைப்பது? ஐரோப்பாவில் தடை செய்துவிட்டார்கள் என்று சொல்வது உண்மையா? மணப்பெண்ணுக்கு மருதாணியும் ஜெல்லும் சேர்த்துச் செய்யலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். கடிதத்தின் நடுவில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன செய்தியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உங்களிடம் வேலை செய்யும் அந்தப் பெண்ணை இன்றிலிருந்தே ஜெல் வேலையிலிருந்து விலக்கி, ஒரு தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். போகும்போது அவர் பூசிய புட்டிகளின் பெயர்களையும், அவற்றின் மேல் அச்சிட்டிருக்கும் மூலப்பொருள் பட்டியலின் புகைப்படத்தையும் கையோடு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். விரல் நுனியில் அரிப்பு, கூடவே கண்ணிமையில் வீக்கம் என்பது ஜெல் ஒவ்வாமையில் அடிக்கடி காணப்படும் சேர்க்கை. பூசும்போது விரலில் படிந்த துளி, அறியாமல் முகத்தைத் தொடும்போது இமையின் மெல்லிய தோலுக்குப் போய்ச் சேர்கிறது. வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். அவர் முதுகில் சிறு ஒட்டுகளை வைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்து உறுதிப்படுத்துவார். அதற்குள் ‘பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். இந்த ஒவ்வாமை பழகப் பழக மோசமாகும் வகையைச் சேர்ந்தது. ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜெல் பாலிஷ் சாதாரண நெயில் பாலிஷைப்போலக் கரைப்பான் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் வகை மூலக்கூறுகள் விளக்கின் ஒளி பட்டதும் ஒன்றோடொன்று பிணைந்து, நீண்ட சங்கிலிகளாகிக் கெட்டிப்படுகின்றன. முழுமையாகக் கெட்டிப்பட்ட ஜெல் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. கெட்டிப்படாத திரவமோ அரைகுறையாகக் கெட்டிப்பட்ட ஜெல்லோ திரும்பத் திரும்பத் தோலில் படும்போதுதான் உடல் அதை எதிரியாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. இந்த வகைப் பொருள்களில் பலருக்கும் தொல்லை தருவது ஹெமா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஹைட்ராக்சிஎதில் மெத்தாக்ரிலேட். இதே பொருள் பல் மருத்துவர்கள் பற்குழியை அடைக்கும்போது பயன்படுத்தும் பசைகளிலும் இருக்கிறது. இதன் உறவுக்காரப் பொருள்கள் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின் எலும்புச் சிமெண்டில் உள்ளன. பார்லரில் இருபது வயதில் வாங்கிக்கொண்ட ஒவ்வாமை, ஐம்பது வயதில் பல் மருத்துவரின் நாற்காலியில் வந்து எதிர்ப்படக்கூடும். பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் ஹெமா கலந்த நகப் பொருள்களைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று வரையறுத்து, ஒவ்வாமை எச்சரிக்கையையும் அச்சிட வைத்தது. ‘ஹெமா இல்லை’ என்று பெரிதாக எழுதியிருக்கும் புட்டிகளிலும் அதற்கு மாற்றாக வேறொரு அக்ரிலேட் இருக்கும் என்பதால், அந்தச் சொல்லை மட்டும் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம்.

கையுறை போட்டால் போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ரப்பர் கையுறை கிட்டத்தட்டப் பயனற்றது. நைட்ரைல் கையுறை மேலானது. ஆயினும் அதையும் இந்தச் சிறு மூலக்கூறுகள் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும். ஆகவே ஜெல் பட்ட கையுறையை உடனே கழற்றி எறிய வேண்டுமே தவிர, அதே கையுறையோடு அடுத்த வாடிக்கையாளருக்குப் போகக் கூடாது. உண்மையான பாதுகாப்பு, தோலில் படாமல் பூசும் கைப்பழக்கமே. புட்டியின் கழுத்தை வழித்த விரலால் தலைமுடியை ஒதுக்குவது, மேசையில் சிந்தியதைத் தாவணி முனையால் துடைப்பது, டாப் கோட் எனப்படும் கடைசிப் பூச்சின் பிசுபிசுப்பைத் துடைத்த பஞ்சை வெறுங்கையால் அள்ளுவது ஆகிய மூன்றையும் இன்றே நிறுத்துங்கள். கடைசியில் சொன்ன அந்தப் பிசுபிசுப்பு, காற்றிலுள்ள ஆக்சிஜன் தடுத்ததால் கெட்டிப்படாமல் மேலே நிற்கும் ஜெல்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்த அந்தப் பஞ்சுகளை விளக்கின் அடியில் சிறிது நேரம் காட்டிவிட்டு, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுவது நல்லது.

இனி, ஐந்தாம் நாள் எழும்பிய கதைக்கு வருவோம். ‘வழக்கமான மேனிக்யூர் முடித்த கையோடு’ என்று நீங்களே காரணத்தை எழுதிவிட்டீர்கள். நம் ஊர்ப் பார்லர்களில் மேனிக்யூர் என்றால் வெதுவெதுப்பான நீரில் ஷாம்பூ கலந்து கையை ஊறவைப்பதில் தொடங்கி, கிரீம் தடவி மசாஜ் செய்வதில் முடியும். இரண்டுமே ஜெல்லுக்குப் பகை. மழைக்காலத்து மரக்கதவைப்போல நகத்தகடு நீரை உறிஞ்சிச் சற்று உப்பும். அந்த நிலையில் பூசிய ஜெல், நகம் உலர்ந்து பழைய வடிவுக்குச் சுருங்கும்போது கூடவே சுருங்க முடியாமல் ஓரத்தில் பிடி விடுகிறது. கிரீமின் எண்ணெய் மீதியை முடித்துவைக்கிறது. ஆகவே ஜெல் பூசும் நாளில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கவே வேண்டாம். எல்லாம் உலர்ந்த முறையிலேயே நடக்கட்டும். மசாஜைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள்.

உலர்ந்த முறை என்பது இதுதான். நகத்தை வெட்டி வடிவமைத்தபின், நகத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டி நிற்கும் தோல் விளிம்பான க்யூட்டிகிளை மெல்லத் தள்ளி, நகத்தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இறந்த தோல் படலத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஓரத்தில் எழும்புகிறது என்று வருபவர்களின் நகங்களைப் பார்த்தால், பல நேரம் ஜெல் ஒட்டியிருப்பது நகத்தில் அல்ல, இந்தப் படலத்தில்தான் என்பது தெரியவரும். உயிருள்ள தோலை வெட்டக் கூடாது. அது நகச்சுத்திக்கு வழி திறந்துவிடும். பிறகு 240 கிரிட் (சொரசொரப்பின் அளவு) பஃபர் என்னும் தேய்ப்பானால் நகத்தின் பளபளப்பு மட்டும் மங்கும் அளவுக்குத் தேய்த்து, தூசியைத் தட்டி, நகத்தின் ஈரத்தையும் எண்ணெயையும் போக்கும் டீஹைட்ரேட்டரால் துடைத்து, தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் ஜெல் பிடிக்க உதவும் அமிலமற்ற பிரைமர் தொட்டுவைத்து, முதல் பூச்சான பேஸ் கோட்டை மிக மெல்லியதாக, சுற்றிலும் தோலிலிருந்து ஒரு மயிரிழை இடைவெளி விட்டுப் பூசுங்கள். அந்த இடைவெளியை விடப் பழகாதவரை வேறெதையும் விற்கத் தொடங்காதீர்கள் என்பது என் கருத்து. தோலில் வழிந்த ஜெல் அங்கேயே கெட்டிப்பட்டால், முதலில் ஒவ்வாமைக்கும் அடுத்து எழும்பலுக்கும் காரணமாகிறது. நகத்தின் முன்விளிம்பையும் தூரிகையால் ஒருமுறை மூடிவிட வேண்டும். இது பாத்திரம் கழுவும், துணி துவைக்கும் கைகளுக்கு மிக அவசியம். நீர் நுழைவது அந்த விளிம்பு வழியாகத்தான்.

விளக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பிரதிநிதிகள் அதிகம் ஏமாற்றுவது இங்கேதான். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட் எண் அது இழுக்கும் மின்சாரத்தைக் குறிக்கிறதே தவிர, நகத்தின் மேல் விழும் ஒளியின் வலிமையைக் குறிக்கவில்லை. 48 வாட் என்று எழுதிய இரண்டு விளக்குகள் இருவேறு விதமாகக் கெட்டிப்படுத்தும். இன்று விற்பனையாகும் எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் 365 முதல் 405 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் ஒளி வீசுகின்றன. அந்தந்த நிறுவனத்தின் ஜெல் அந்தந்த விளக்குக்கு ஏற்ப அளந்து கலக்கப்படுகிறது. ஒரு நிறுவனத்தின் ஜெல்லை இன்னொரு நிறுவனத்தின் விளக்கில் வைத்தால் மேற்புறம் தொட்டுப் பார்க்கக் கெட்டியாக இருக்கும், அடிப்புறம் வேகாமல் கிடக்கும். இந்த அரைவேக்காடுதான் உங்கள் இரண்டு பிரச்சினைகளுக்கும் பொதுவான காரணமாக இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். குறிப்பாகக் கறுப்பு, கடுஞ்சிவப்பு, தூய வெள்ளை போன்ற நிறங்களில் நிறமி ஒளியை மறிப்பதால், இரண்டு தடித்த பூச்சுகளைவிட மூன்று மெல்லிய பூச்சுகள் நல்லவை. கட்டைவிரல் எப்போதும் சாய்ந்தே நிற்கும் என்பதால், நான்கு விரல்களையும் காட்டியபின் இரண்டு கட்டைவிரல்களையும் தனியாக, நேராக வைத்துக் காட்டுங்கள். பழைய குழல்விளக்கு வகையை மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குழல் நீலமாக எரிந்துகொண்டே இருக்கும், கெட்டிப்படுத்தும் வலிமை மட்டும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போகும். பூச்சுக்கு நடுவில் மின்சாரம் போனால், வந்ததும் முழு நேரத்தையும் மறுபடி தொடங்குங்கள்.

விளக்குக்குள் கை வைத்ததும் ‘சுடுகிறது’ என்று வாடிக்கையாளர் கையை இழுத்தால், அது விளக்கின் சூடல்ல. மூலக்கூறுகள் பிணையும்போது வெளிப்படும் வெப்பம். தடித்த பூச்சிலும் தேய்ந்து மெலிந்த நகத்திலும் இது அதிகம். பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். கையை வெளியே எடுத்துச் சில நொடிகள் கழித்து மீண்டும் வைக்கச் சொல்லி, அடுத்த பூச்சை இன்னும் மெல்லியதாக்குங்கள்.

இப்போது, தலைப்பிலேயே வைத்த விஷயம். நீங்கள் விற்கப்போவது நீண்ட நாள் நிற்கும் ஒரு பூச்சு. நிற்கும் பூச்சு தானாகப் போகாது. யாரோ எடுத்தாக வேண்டும். எடுக்கத் தெரியாத கடையில் பூசிக்கொண்ட பெண், பதினைந்தாம் நாள் பேருந்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு நகத்தால் அதைப் பிய்த்தெடுப்பாள். அப்போது ஜெல்லோடு நகத்தகட்டின் மேலடுக்குகளும் உரிந்து வரும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர்தான் வளர்கிறது. உரிந்த பகுதி முழுவதும் வளர்ந்து வெளியேற அரை ஆண்டு வரை ஆகும். அத்தனை நாளும் அவள் உங்கள் கடையின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள். ஆகவே உதவியாளர்களுக்கு முதலில் அகற்றுவதைக் கற்றுக்கொடுங்கள், பூசுவது பிறகு.

டாப் கோட்டின் பளபளப்பு போகும்வரை 180 கிரிட் ஃபைலால் தேய்த்துவிட்டு, சுற்றியுள்ள தோலுக்கு வாசலின் தடவி, அசிட்டோனில் நனைத்த சிறு பஞ்சை நகத்தின் மேல் மட்டும் வைத்து, அலுமினியத் தாளால் இறுக்கிச் சுற்றி, பத்து முதல் பதினைந்து நிமிடம் விட வேண்டும். ஜெல் செதில் செதிலாக எழும்பியதும் மரக்குச்சியால் மெல்லத் தள்ளினாலே வந்துவிடும். வரவில்லையென்றால் இன்னும் ஐந்து நிமிடம் சுற்றிவையுங்கள். குச்சிக்கு அழுத்தம் கொடுப்பது தீர்வல்ல. உங்கள் ஊரின் சித்திரை வெயிலில் அசிட்டோன் கண்மூடித் திறப்பதற்குள் ஆவியாகிவிடும் என்பதால், தாள் இறுக்கமாக இருப்பது முக்கியம். பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், சில வகைப் பிளாஸ்டிக்கை அசிட்டோன் கரைத்துவிடும். எவர்சில்வரோ கண்ணாடியோ போதும். எளிதில் தீப்பற்றும் பொருள் இது. மாலையில் கடையில் விளக்கேற்றிச் சாம்பிராணி போடும் வழக்கம் உங்களிடம் இருந்தால், அந்த நேரத்தில் அசிட்டோன் புட்டி திறந்திருக்கக் கூடாது. ஏ.சி. ஓடுகிறதே என்று நினைக்காதீர்கள், ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றிவிடுகிறது, ஓர் எக்சாஸ்ட் ஃபேன் அவசியம். இன்னொன்று, ‘ஹார்டு ஜெல்’ என்று குறிப்பிட்டவை அசிட்டோனில் கரையாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். தொடக்கத்தில் அவற்றைத் தொடவே வேண்டாம்.

ஒரு மாதம் அசையாது என்ற வாக்குறுதியை உங்கள் பலகையில் எழுதாதீர்கள். நன்றாகச் செய்த ஜெல் இரண்டு வாரம் அழகாக நிற்கும். மூன்றாம் வாரம் அடியில் வளர்ந்த நகம் தெரியத் தொடங்கும். அதற்கு மேலும் வைத்திருந்து, எங்கேனும் எழும்பிய இடுக்கில் ஈரம் தங்கினால், சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகிவிடும். கையால் சாப்பிட்டு, கையால் புளி கரைக்கும் நமக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. வெளிர் நிறங்களில் மஞ்சள் கறை ஏறும். தினமும் சமைப்பவர் இளஞ்சிவப்பையோ பால் வெள்ளையையோ தேர்ந்தெடுத்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மெரூன் வகையைக் காட்டுங்கள்.

சிலரைத் திருப்பி அனுப்பவும் தெரிந்திருக்க வேண்டும். நகத்தில் பூஞ்சைத் தொற்று, நகம் சதையிலிருந்து பிரிந்திருப்பது, நகச்சுத்தி, சுற்றிலும் புண் ஆகியவை இருந்தால் மறுத்துவிடுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற, தோலை ஒளியில் கூசச்செய்யும் மருந்துகளை உட்கொள்வோர் அவை முடிந்தபின் வரட்டும். அந்த மருந்தும் புற ஊதாக் கதிரும் சேரும்போது நகம் பிரியக்கூடும். விரைவில் அறுவை சிகிச்சையோ பிரசவமோ இருப்பவரிடம், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்காக மருத்துவமனை நகப்பூச்சை எடுக்கச் சொல்லும் என்பதைத் தெரிவித்து, அகற்றும் தேதியைச் சேர்த்தே குறித்துக்கொடுங்கள். செவிலியர்கள் தங்கள் மருத்துவமனை விதியைக் கேட்டுவிட்டு வருவது நல்லது. புற ஊதாக் கதிரால் புற்றுநோய் வருமா என்றும் சிலர் கேட்பார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆய்வகத்தில் வளர்த்த செல்களை இத்தகைய விளக்கின் கீழ் இருபது நிமிடம் வைத்தபோது அவற்றில் 20 முதல் 30 விழுக்காடு இறந்ததாக வெளியிட்டார்கள். அது தட்டில் வளர்த்த செல்களில் கண்டது. உயிருள்ள கையில் புற்றுநோய் வந்ததாக அந்த ஆய்வு நிறுவவில்லை. கவலைப்படுபவருக்கு விரல்நுனி வெட்டிய துணிக் கையுறை ஒன்றை வாங்கி வைத்துக் கொடுங்கள். சன்ஸ்கிரீனும் பரிந்துரைக்கப்படுகிறது, ஆனால் அதன் எண்ணெய் நகத்தில் பட்டால் ஜெல் ஒட்டாது என்பதால் நான் கையுறையைத்தான் சொல்வேன்.

ஐரோப்பியத் தடை உண்மை, ஆனால் ஜெல்லுக்கு அல்ல. விளக்கொளி பட்டதும் ஜெல் கெட்டிப்படுவதைத் தொடங்கிவைக்கும் டி.பி.ஓ. எனப்படும் ஓர் ஒளிதூண்டிப் பொருளை, விலங்குச் சோதனைகளின் அடிப்படையில் இனப்பெருக்கத்துக்குத் தீங்கானது என வகைப்படுத்தியதால், 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் அங்கே தடை செய்திருக்கிறார்கள். அது இல்லாத ஜெல்கள் கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்கும் நீங்கள் அவற்றையே கேட்டு வாங்குவதில் இழப்பொன்றும் இல்லை. அங்கே விற்க முடியாத சரக்கு மலிவு விலையில் எங்கெங்கோ போகும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

தொகுப்பை வாங்குவதைப் பொறுத்தவரை, பிரதிநிதியிடம் மூலப்பொருள் பட்டியல், தொகுதி எண், பயன்படுத்தத்தக்க கடைசி நாள், இறக்குமதிச் சரக்காயின் பதிவுச் சான்று எண், இறக்குமதியாளர் முகவரி ஆகியவை புட்டியிலோ பெட்டியிலோ அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். இந்திய அழகுப்பொருள் விதிகள் 2020இன்படி இறக்குமதிச் சரக்குக்குப் பதிவு கட்டாயம். விளக்கும் ஜெல்லும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதை நிறுவனத்தின் கையேட்டில் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லையென்றால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். பொருந்தினாலும் இருபது வண்ணம் எதற்கு? ஆறு வண்ணம் போதும். திறந்த புட்டி தடித்துப்போவதற்குள் தீர்ந்துவிடும். வெயில் விழும் சன்னலோரத்தில் வைத்தால் புட்டிக்குள்ளேயே கெட்டிப்பட்டுவிடும்.

கட்டணத்துக்கு அடுத்த கடையின் விலைப்பலகையைப் பார்க்காதீர்கள். கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒரு கைப்பூச்சுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். அந்த நாற்காலியில் அதே நேரத்தில் ஃபேஷியல் செய்திருந்தால் என்ன வந்திருக்குமோ அதை அடித்தளமாகக் கொண்டு, பொருள்செலவையும் கையுறை, பஞ்சு, தாள் செலவையும் கூட்டுங்கள். ஒவ்வொரு புட்டியிலும் திறந்த தேதியை எழுதி, பூசும்தோறும் ஒரு கோடு கிழித்துவந்தால் ஒரு பூச்சின் உண்மையான விலை சில மாதங்களில் தெரிந்துவிடும். அகற்றும் கட்டணத்தை அதிலேயே சேர்த்து வாங்கி, மூன்று வாரத்துக்குள் வந்து எடுத்துக்கொள்ளத் தேதியிட்ட சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்தனுப்புங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்ததை யாரும் வீணாக்க மாட்டார்கள். பிய்ப்பதும் குறையும், திரும்ப வருவதும் உறுதியாகும்.

மணப்பெண்ணுக்கு வரிசையே முக்கியம். கூம்பில் போடும் மெஹந்தி என்றால் ஜெல்லை முந்தைய நாளே முடித்துவிடுங்கள். மெஹந்திக்குப்பின் ஆல்கஹாலும் தேய்ப்பும் பட்டால் நிறம் மங்கும், அதன்மேல் தடவிய தைலம் நகத்தில் ஏறியிருந்தால் ஜெல் ஒட்டாது. மெஹந்தி விழுது வெளிர் ஜெல்லின் மேல் பட்டால் உடனே துடைத்துவிட வேண்டும். வீட்டில் அரைத்த மருதாணியை விரல்நுனிக்குத் தொப்பி வைப்பவர்கள் என்றால் நகமே சிவக்க வேண்டும் என்று விரும்புவார்கள். ஜெல் போட்ட நகத்தில் அது ஏறாது. அவர்களுக்கு மருதாணி முதலில், இரண்டு நாள் கழித்து நிறமற்ற ஜெல். தை முகூர்த்தங்களுக்குள் தொடங்கிவிட நினைத்தால், கல்யாணக் கூட்டம் இல்லாத மார்கழியில் உங்கள் கடைப் பெண்களில் ஒவ்வாமை இல்லாதவரை மட்டும் வைத்து, தெரிந்தவர்களுக்குக் கட்டணமின்றிப் பூசி, பதினைந்தாம் நாள் அவர்களையே வரவழைத்து அகற்றிப் பாருங்கள்.